இரண்டு நாள் சென்னைப் பயணம்: எந்தப் பகுதியில் அறை எடுப்பது?

வெள்ளி இரவு மதுரையிலோ கோவையிலோ நெல்லையிலோ ஏறி, சனி விடிகாலை சென்னையில் இறங்கி, ஞாயிறு இரவு ஊர் திரும்புகிறவர்களுக்கான வழிகாட்டி இது. காலை 5.30-க்கு இறங்கி மறுநாள் இரவு 9.30-க்கு ஏறினால் கையில் 40 மணி நேரம். தூக்கம், குளியல், சாப்பாடு போக 25 மணி நேரம் தேறினால் பெரிது. அறை தப்பான பகுதியில் அமைந்துவிட்டால் அதிலும் ஆறேழு மணி நேரம் ஆட்டோவிலும் சிக்னலிலும் கரைந்துபோகும்.

பலரும் சறுக்குவது வரிசையில்தான். முதலில் ஆப்பில் மலிவாகக் கிடைத்த அறைக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். பிறகுதான் எங்கெங்கே போகலாம் என்று உட்கார்ந்து யோசிக்கிறார்கள். வாடகையைக் கடைசியில் பாருங்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் கீழே வரிசையாக இருக்கின்றன.

1. தேடத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

திரும்பும் டிக்கெட் முதலில். போகும் டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அறை தேடினால் பாதிக் கணக்குதான் போட முடியும். ஞாயிறு இரவு எந்த இடத்தில் வண்டி ஏறப்போகிறீர்கள் என்பது தெரியாமல் பகுதியை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து ஒரு துண்டுச் சீட்டு. 'பார்த்தே ஆக வேண்டும்' என்று மூன்று இடம், 'முடிந்தால்' என்று மூன்று இடம். கட்டாயப் பட்டியல் நான்கைத் தாண்டினால் இரண்டு நாளில் ஓடாது. கோயில் இருந்தால் நடை நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கபாலீசுவரர் கோயில் போன்றவை மதியம் 12-ஐ ஒட்டிச் சாத்தி, மாலை 4-ஐ ஒட்டித்தான் திறக்கும். வெள்ளிக்கிழமையையும் சேர்த்து மூன்று நாளாக்குகிறவர்கள், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

மூன்றாவது, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர். சனி, ஞாயிறில் முகூர்த்தம் இருந்தால் தி.நகர், வடபழனிப் பக்கம் அறை கிடைப்பது கஷ்டம். கல்யாண வீட்டார் மாதக்கணக்கில் முன்பே மொத்தமாகப் பிடித்திருப்பார்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வாலாஜா சாலையைச் சுற்றிப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள்.

2. இறங்கும் இடத்தையும் ஏறும் இடத்தையும் குறியுங்கள்

மதுரை, திருச்சி, நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ரயில்கள் எழும்பூருக்கு வரும். கோவை, ஈரோடு, சேலம் பக்கத்தவை சென்ட்ரலுக்கு. எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடந்ததால் சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுபோனதும் உண்டு. எனவே பழக்கத்தில் போகாமல் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நிலையத்தின் பெயரைப் பாருங்கள்.

பேருந்து என்றால் கதை வேறு. 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம் முனையத்திலிருந்துதான் தென் மாவட்டப் பேருந்துகள் புறப்படுகின்றன. வண்டலூரை ஒட்டிய இடம் அது. எழும்பூரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கோயம்பேட்டில் ஏறிய காலத்து ஞாபகத்தில் இன்னமும் அங்கே அறை எடுத்துவிட்டு, ஞாயிறு இரவு ஜி.எஸ்.டி. சாலையில் (கிண்டியிலிருந்து தாம்பரம், வண்டலூர் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை) தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆம்னி பேருந்து என்றால் எங்கே ஏற்றுவார்கள் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள்.

இரண்டில் எதற்கு எடை அதிகம்? ஏறும் இடத்துக்குத்தான். வரும்போது விடிகாலை, சாலை காலி. ஒரு மணி நேரம் கூடினாலும் குடி முழுகிவிடாது. திரும்பும்போது தாமதித்தால் வண்டியே போய்விடும். கிளாம்பாக்கத்தில் 9.30 பேருந்துக்குத் திருவல்லிக்கேணியிலிருந்து 7 மணிக்கே கிளம்ப வேண்டும். கிண்டியிலிருந்து என்றால் 8 மணி போதும். அந்த ஒரு மணி நேரம் சாதாரணமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரை மாலையே அதில்தான் அடங்கியிருக்கிறது.

3. சனி இரவு கடைசியாக எங்கே இருப்பீர்கள்?

பகலில் போகும் இடங்களை வைத்து அறை தேடுவதுதான் வழக்கம். அது அவ்வளவு முக்கியமில்லை. விடுமுறை நாள் காலையில் சென்னையின் எந்த மூலைக்கும் சிரமமில்லாமல் போய்விடலாம். இரவு 9 மணிக்குப் பையும் குழந்தையுமாகத் திரும்புவதுதான் பாடு. ஆட்டோ ஆப்பில் அழைப்பு ரத்தாகிக்கொண்டே இருக்கும் நேரம் அது.

ஆகவே சனிக்கிழமையின் கடைசி நிகழ்ச்சியை முடிவு செய்யுங்கள். மெரினா காற்றா, தி.நகர் துணிக்கடையா, மயிலாப்பூர்ச் சபாவில் கச்சேரியா, பெசன்ட் நகர்க் கடற்கரையா? அந்த இடத்திலிருந்து நடந்தோ, நேர் ரயிலிலோ, 3 கிலோமீட்டருக்குள் ஆட்டோவிலோ போகக்கூடிய பகுதிகளை மட்டும் பட்டியலில் வையுங்கள். ஞாயிறு ஏறும் இடத்துக்கும் அதிலிருந்து நேர் வழி இருந்தால் அதுதான் உங்கள் பகுதி.

4. கிலோமீட்டரை விடுங்கள், தண்டவாளத்தைப் பாருங்கள்

தி.நகருக்கும் மயிலாப்பூருக்கும் வரைபடத்தில் நாலைந்து கிலோமீட்டர்தான். சனி மாலையில் அதைக் கடக்க ஆகும் நேரத்துக்குள் வடபழனியிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரலுக்கே போய்விடலாம். சென்னையில் தூரத்தை நிமிடத்தால்தான் அளக்க வேண்டும். நிமிடத்தைத் தீர்மானிப்பது தண்டவாளம்.

மூன்று வகை ரயில்கள் உண்டு. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம், கிண்டி வழியாகப் போகும். கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலை, திருவான்மியூர் வழியாக. மெட்ரோவில் நீல வழித்தடம் விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல், அண்ணா சாலை, கிண்டி, ஆலந்தூர் வழியாக விமான நிலையம் வரை. பச்சை வழித்தடம் சென்ட்ரலிலிருந்து எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி, ஆலந்தூர் வழியாகப் பரங்கிமலை வரை. மெட்ரோ காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை ஓடும். இரண்டாம் கட்டப் பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்துவருவதால், கிளம்பும் வாரத்தில் புதிய வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள்.

அறையிலிருந்து நிலைய வாசல் 700 மீட்டருக்குள் இருந்தால் நடப்பீர்கள். ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் முதல் நாள் நடப்பீர்கள், இரண்டாம் நாள் ஆட்டோ கூப்பிடுவீர்கள். ஏப்ரல், மே வெயிலில் 500 மீட்டரையே எல்லையாக வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயிலும் பறக்கும் ரயிலும் குறைவாகவே ஓடும்; பராமரிப்புக்காகச் சில சேவைகள் ரத்தாவதும் உண்டு. வார நாள் அட்டவணையை நம்பி நடைமேடையில் அரை மணி நேரம் நிற்க நேரும். ஞாயிறு இரவு வண்டி பிடிக்க மெட்ரோவை முதல் வழியாக வையுங்கள், மின்சார ரயிலை இரண்டாவதாக.

5. பகுதிகள்: யாருக்கு எது

எழும்பூர். முதல் தடவை வருகிறவர், எழும்பூரில் இறங்கி அங்கேயே ஏறுகிறவர் இருவருக்கும் வேறு எங்கும் தேடும் வேலையில்லை. மெட்ரோவும் மின்சார ரயிலும் நிலையத்தை ஒட்டியே. காந்தி–இர்வின் சாலை, கென்னட் லேன் இரண்டிலும் வரிசையாக லாட்ஜ்கள்; நள்ளிரவிலும் டீக்கடை திறந்திருக்கும். குறை, சத்தம். நிலைய அறிவிப்பும் ஆட்டோ ஹாரனும் விடியும்வரை கேட்கும். சாலையைப் பார்த்த அறை வேண்டாம், உள்பக்க அறை கொடுங்கள் என்று கேளுங்கள். ஆனால் உள்பக்க அறைகளில் சிலவற்றுக்கு ஜன்னலே இருக்காது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் சரியான அறை கிடைக்கும்.

சென்ட்ரல், பெரியமேடு, வால்டாக்ஸ் சாலை. கோவைப் பக்கத்தவர்களுக்கு வசதி, வாடகையும் குறைவு. தனியாளுக்கோ நண்பர்களுக்கோ ஒரு ராத்திரி தங்கப் போதும். குடும்பத்தோடு என்றால் ஒரு நிறுத்தம் தள்ளி எழும்பூரில் தங்கிவிட்டு மெட்ரோவில் வருவதே நல்லது. சந்துகள் நெருக்கடியானவை, இரவில் சரக்கு வண்டிகளின் நடமாட்டமும் அதிகம்.

திருவல்லிக்கேணி. கடற்கரை, பார்த்தசாரதி கோயில், மைதானம் மூன்றும் நடக்கிற தூரம். இங்கே ஒரு சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள்: மேன்ஷன். பெயரைப் பார்த்து மாளிகை என்று நினைத்து வராதீர்கள். வேலைக்கு வந்த ஆண்கள் மாத வாடகைக்குத் தங்கும் இடம் அது. பல இடங்களில் பொதுக் கழிப்பறைதான். சில மேன்ஷன்கள் நாள் வாடகைக்கும் அறை தரும், ஆப்பிலும் வரும். குடும்பமாக வருகிறவர்கள் வாலாஜா சாலை, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் ஹோட்டல்களைப் பாருங்கள். படத்தில் இணைந்த குளியலறை தெரிகிறதா என்பதை உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள்.

மயிலாப்பூர். காலையில் கோயில், குளத்தங்கரை, ஃபில்டர் காபி என்று இரண்டு நாளையும் நிதானமாகக் கழிக்க விரும்புகிறவர்களுக்கு. ஹோட்டல்கள் குறைவு, சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகள் உண்டு. டிசம்பர் இசை விழாவின்போதும் பங்குனி அறுபத்து மூவர் விழாவின்போதும் கடைசி நேரத்தில் தேடாதீர்கள். தேர், அறுபத்து மூவர் நாட்களில் மாட வீதிகளில் வண்டி போகாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மெட்ரோ வேலையால் லஸ், மந்தைவெளிப் பக்கம் சாலைகள் மாறி மாறித் திருப்பிவிடப்பட்டிருக்கின்றன. கூகுள் வரைபடம் காட்டும் பாதையை ஓட்டுநர் மறுத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

தி.நகர். துணியும் நகையும் வாங்கத்தான் வருகிறீர்கள் என்றால் இங்கேயே தங்குங்கள். வாங்கிய பைகளை இடையில் அறையில் போட்டுவிட்டு மறுபடி போகலாம் என்பதே பெரிய ஆதாயம். மாம்பலம் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை இருக்கிறது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பெட்டியோடு நுழையாமல் அதில் போங்கள். உஸ்மான் சாலை மேலேயே அறை எடுக்காதீர்கள். மாலை 5 மணிக்கு மேல் டாக்ஸி வாசலுக்கு வருவது சந்தேகம். ஜி.என். செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை, பசுல்லா சாலைப் பக்கம் பார்த்தால் பத்து, பதினைந்து நிமிட நடையில் கடைவீதி, இரவும் அமைதி. கடை வேலையே இல்லாதவர்களுக்குத் தி.நகர் வீண். தீபாவளிக்கு முந்தைய வாரக்கடைசிகளில் யாருக்குமே வேண்டாம்.

ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் சாலை. பெரிய மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த பகுதி. வெளி மாநில நோயாளிகளின் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குவதால் அறைகள் சட்டென்று கிடைக்காது. கிடைத்தால் வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு ஏற்ற இடம்: இரவிலும் மருந்துக்கடை, எண்ணெய் குறைந்த சாப்பாடு, லிஃப்ட், கூப்பிட்ட குரலுக்கு ஆட்டோ. மெட்ரோவும் உண்டு. நுங்கம்பாக்கம் இதைவிட அமைதி, வாடகை கூடும்.

வடபழனி, அசோக் நகர். பயணிகள் அதிகம் கண்டுகொள்ளாத பகுதி. முருகன் கோயில், மால், சாப்பாட்டுக் கடைகள், எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நேர் மெட்ரோ. முகூர்த்த நாளில்லாத வாரக்கடைசி என்றால் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு எழும்பூரைவிட இதையே சொல்வேன். கடற்கரை மட்டும் தூரம்.

கிண்டி, ஆலந்தூர். கிளாம்பாக்கத்தில் ஏறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது. மெட்ரோ, மின்சார ரயில், ஜி.எஸ்.டி. சாலை மூன்றும் கிண்டியில் சேர்கின்றன. அலுவல் விஷயமாக வருகிறவர்களை நம்பி நடக்கும் ஹோட்டல்கள் நிறைய. அவர்கள் கூட்டம் திங்கள் முதல் வெள்ளி வரை. அதனால் சனி, ஞாயிறுக்கு நேரடியாகப் போனில் பேசினால் வாடகை இறங்க வாய்ப்புண்டு. இரவு உலாவ ஒன்றுமில்லை என்பதே குறை.

திருவான்மியூர், பெசன்ட் நகர். மாமல்லபுரம், முட்டுக்காடு, கிழக்குக் கடற்கரைச் சாலை என்று திட்டம் இருந்தால் இந்தப் பக்கம். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரத்துக்குப் பேருந்து, மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில். பெசன்ட் நகரில் ரயில் கிடையாது. ஆட்டோ செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கம் புத்தம்புது அறைகள் கவர்ச்சியான விலையில் வரும். ஐ.டி. ஊழியர்களுக்கானவை அவை. ஊர் பார்க்க வருகிறவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

6. பகுதியை முடிவு செய்தபின் தெருவைச் சோதியுங்கள்

விளம்பரத்தில் போடும் பகுதிப் பெயரை நம்பாதீர்கள். 'தி.நகர்' என்று போட்டிருக்கும். வரைபடத்தில் புள்ளி மேற்கு மாம்பலத்தில் இருக்கும். நேர்கோட்டில் 400 மீட்டர்தான், நடுவில் தண்டவாளம். நடந்தால் பாலத்தில் படியேறி இறங்க வேண்டும். காரில் போனால் துரைசாமி சுரங்கப்பாதையைச் சுற்ற வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழையில் அதில் தண்ணீர் நின்றால் அந்த வழியும் அடைபடும். 'விமான நிலையம் அருகில்' என்பதும் இப்படித்தான். பல நேரம் ஜி.எஸ்.டி. சாலைக்கு மறுபக்கம்.

கூகுள் வரைபடத்தில் நடக்கும் பாதையைப் போட்டு நிலையத்திலிருந்து அறைவரை நிமிடத்தைப் பாருங்கள். பிறகு அதிலேயே தெருக்காட்சியில் (ஸ்ட்ரீட் வியூ) வாசலைப் பாருங்கள். டாக்ஸி நிற்க இடமுண்டா, முட்டுச் சந்தா, பக்கத்தில் டாஸ்மாக் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

விமர்சனங்களைப் புதியவை முதலில் என்று மாற்றிக் கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். மெட்ரோ வேலை ஒரு தெருவை மூன்று மாதத்தில் தலைகீழாக்கிவிடும். பழைய ஐந்து நட்சத்திரத்தால் பயனில்லை. 'தண்ணீர்', 'சத்தம்', 'லிஃப்ட்' என்ற சொற்களைத் தேடினால் போதும். மார்கழியில் கோயிலை ஒட்டிய அறை எடுப்பவர்கள் விடியலுக்கு முன்பே ஒலிபெருக்கி எழுப்பிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

7. இப்போது வாடகை

இரண்டு அறைகளை ஒப்பிடும்போது வாடகையோடு ஆட்டோவையும் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, தள்ளியிருக்கும் அறை 600 ரூபாய் மலிவு என்று வைப்போம். அங்கிருந்து இரண்டு நாளில் கூடுதலாக நான்கு ஆட்டோ, தலா 200 என்றால் 800. மலிவான அறைதான் 200 ரூபாய் அதிகம். வரியையும் சேர்த்துக் கேளுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்.

நேரக் கணக்கில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். பழைய லாட்ஜ்களில் 24 மணி நேர முறை. காலை 6-க்கு நுழைந்தால் மறுநாள் காலை 6-க்கு ஒரு நாள் முடிந்தது. ஞாயிறு 7 மணிக்குக் குளித்துக்கொண்டிருந்தால் இரண்டாம் நாள் வாடகை ஏறிவிடும். மற்ற ஹோட்டல்களில் நுழைவு பகல் 12-க்கோ 2-க்கோதான். சனி விடிகாலை வந்தால் வரவேற்பறையில் உட்கார வேண்டும்.

24 மணி நேர லாட்ஜ் என்றால் சனி காலை நேராக அறைக்குப் போகாதீர்கள். நிலையத்தின் ஓய்வறையைப் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி.யில் முன்பதிவு செய்து, குளித்துவிட்டுப் பெட்டியை நிலையப் பாதுகாப்பறையில் (கிளோக் ரூம்) போடுங்கள். காலைச் சுற்றலை முடித்து 11 மணிக்கு அறைக்குள் நுழைந்தால் ஞாயிறு 11 வரை ஒரே வாடகை.

8. பணம் கட்டும் முன் ஒரு போன்

ஆப்பில் பதிவு செய்வதானாலும் லாட்ஜுக்கே ஒருமுறை பேசுங்கள். "அண்ணா, சனிக்கிழமை காலையில வர்றோம், ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை" என்று தொடங்கினால் நேர விஷயம் அங்கேயே தெளிவாகிவிடும். கேட்க வேண்டியவை: கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேன் மட்டுமா? வெந்நீர் நாள் முழுக்கவா, காலையில் மட்டுமா? லிஃப்ட் எந்த மாடி வரை? அறையை விட்ட பிறகு பெட்டியை வைத்துக்கொள்வீர்களா?

தங்கும் பெரியவர்கள் அனைவரின் அடையாள அட்டையும் அசலாக வேண்டும். ஆதாரில் சென்னை முகவரி இருந்தால் அறை தர மறுக்கும் இடங்கள் உண்டு. ஊர் மாறியும் முகவரி மாற்றாதவர்கள் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

9. ஞாயிறு பெட்டியை எங்கே வைப்பது

பகலில் அறையைக் காலி செய்துவிட்டு இரவு வண்டி ஏறும்வரை பெட்டி எங்கே என்று முன்பே முடிவு செய்யுங்கள். ரயிலில் திரும்புகிறவர்கள் நிலையப் பாதுகாப்பறையில் வைக்கலாம்; பயணச்சீட்டைக் காட்ட வேண்டும். பேருந்தில் திரும்புகிறவர்கள் பெட்டியை லாட்ஜிலேயே விட்டால், ஞாயிறின் கடைசி இடம் லாட்ஜுக்கு அருகில் இருக்கும்படி திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள்; பெட்டிக்காக மட்டும் எதிர்த் திசையில் ஓடினால் கிளாம்பாக்கத்தில் பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது.

ரயில் நிலையப் பாதுகாப்பறையில் பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். ஜிப் மட்டும் இருக்கும் தோள்பை என்றால், ஊரிலிருந்து கிளம்பும்போதே சின்னப் பூட்டு ஒன்றை அதன் பக்கப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.